நிலத்தில் நடக்கும் குயில்

நுழையும்முன்

குயில் என்றதும் மாமரக் கிளையும் வேனிற்கால இசையும் நினைவுக்கு வரும். குயில் குடும்பத்தில் பாடுவதைவிட நடப்பதில் வல்ல பறவைகளும் உண்டு. அவை மரத்தின் உச்சியை விடுத்து மண்ணையும் புதரையும் வாழிடமாகக் கொண்டவை. அவற்றுள் ஒன்று, தமிழகத்தின் ஏரிக்கரைகளிலும் வேலியோரங்களிலும் வாழும் செம்போத்து. தொழிற்சாலைகள் நிறைந்த ஒரு வட்டாரத்தில் அப்பறவை நிலைத்து வாழ எது தேவை என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

விடியற்கால ஒலி

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையில், செங்கல்பட்டை அடைவதற்குச் சற்று முன்பாக அமைந்துள்ளது மறைமலை நகர். தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்த மறைமலையடிகளின் பெயரைத் தாங்கிய ஊர் அது. சென்னையின் மக்கள் நெருக்கத்தைக் குறைக்கும் துணைநகரமாகத் திட்டமிடப்பட்டு, 1990களுக்குப் பின் மகிழுந்துத் தொழிலால் பெயர்பெற்றது. அதனை அடுத்துள்ள சிங்கப்பெருமாள் கோவிலில் தொடங்கி, ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூர் வரை நீளும் சாலையின் இருமருங்கிலும் இன்று தொழிற்பேட்டைகள் விரிந்துள்ளன.

அச்சாலையில் பொழுது புலர்வதற்கு முன்பே ஓட்டம் தொடங்கிவிடுகிறது. இரவுப்பணி முடித்தோரை இறக்கிவிட்டுக் காலைப்பணிக்குரியோரை ஏற்றிவரும் பேருந்துகள் வரிசையாகச் செல்கின்றன. அவற்றின் இரைச்சல் சற்றே தணியும் இடைவெளியில், ஏரிக்கரைப் புதரிலிருந்து ஆழ்ந்த ஒலி ஒன்று எழும். வாய் குறுகிய வெற்றுப் பானைக்குள் ஊதினாற்போல, ‘ஊப், ஊப், ஊப்’ என்று அது அடுத்தடுத்துப் பலமுறை ஒலிக்கும். சிறிது நேரத்தில், தொலைவிலுள்ள மற்றொரு புதரிலிருந்து அதற்கு மறுமொழி வரும். ஆணும் பெண்ணும் இவ்வாறு மாறிமாறிக் குரல்கொடுப்பது அப்பறவையின் இயல்பு. அக்குரலைக் கேட்டோர் பலராயினும், பறவையை அறிந்தோர் சிலரே.

பெயரும் பொருளும்

செம்போத்து என்பது அப்பறவையின் பெயர். செண்பகம் என்று வழங்குவோரும் உளர். இலங்கைத் தமிழரிடையே அப்பெயரே பெருவழக்கு. குக்கில் என்னும் பழம்பெயரையும் தமிழ் அகராதிகள் காட்டுகின்றன. மலையாளத்தில் செம்போத்து என்னும் பெயரோடு உப்பன் என்னும் பெயரும் வழங்குகிறது. இவ்வளவு பெயர்களைப் பெற்றிருப்பது, அப்பறவை மக்களின் வாழ்விடத்தை ஒட்டியே வாழ்ந்து வந்ததற்குச் சான்றாகும்.

செம்மை, போத்து என்னும் இரு சொற்கள் இணைந்து செம்போத்து ஆயிற்று. தொல்காப்பிய மரபியல், விலங்கு, பறவை ஆகியவற்றின் ஆண்பாற் பெயர்களைத் தொகுத்துரைக்கும் இடத்தில் ‘போத்து’ என்னும் சொல்லையும் குறிப்பிடுகிறது. எருமை, புலி, மரை முதலியவற்றின் ஆணுக்கும், பறவைகளுள் மயில், எழால் ஆகியவற்றின் ஆணுக்கும் அச்சொல் உரியது என்பது அந்நூலின் கருத்து. செந்நிறச் சிறகுடைய இப்பறவையின் பெயரிலும் அம்மரபுச் சொல் இன்றளவும் வழங்குகிறது.

காகத்தினும் சற்றுப் பெரியது செம்போத்து. அலகு முதல் வால்நுனி வரை ஏறத்தாழ 48 செ.மீ. நீளமுடையது. உடல் கருமை, வெயில் படும்போது அக்கருமையில் ஊதா நிறம் மின்னும். சிறகுகள் செங்காவி நிறமுடையவை. கண்கள் குருதிச் சிவப்பு. நீண்டு அகன்ற வால், அடர்ந்த தூறுகளுக்குள் நுழைந்து செல்லும்போது உடலின் சமநிலைக்கு உதவுகிறது. ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே தோன்றினும், பெண் சற்றுப் பெரியது.

தெரிந்து தெளிவோம்

செம்போத்து இனத்தின் அறிவியற் பேரினப் பெயர் ‘சென்ட்ரோபஸ்’. முள் போன்ற நகமுடைய பாதம் என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். அப்பறவையின் பின்விரல் ஒன்றில் நீண்ட, நேரான நகம் அமைந்திருப்பதால் அப்பெயர் பெற்றது. குயில் குடும்பத்துப் பறவைகள் அனைத்திற்கும் இரு விரல்கள் முன்னோக்கியும் இரு விரல்கள் பின்னோக்கியும் இருக்கும்.

ஒரு குடும்பம், இரு வழிகள்

உலகில் ஏறத்தாழ 150 வகைக் குயிலினங்கள் உள்ளன. பிற பறவைகளின் கூட்டில் முட்டையிட்டு, தன் குஞ்சை வளர்க்கும் பொறுப்பை அவற்றிடம் விட்டுவிடுவது குயிலின் இயல்பு என்பது பொதுவான எண்ணம். கருங்குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடுகிறது. சுடலைக்குயிலும் அக்காக்குயிலும் தவிட்டுக்குருவியின் கூட்டை நாடுகின்றன. ஆயினும் குயில் குடும்பம் முழுவதற்கும் இது பொருந்தாது. ஐந்தில் இரண்டு பங்கு இனங்களே அவ்வாறு பிற பறவைகளைச் சார்ந்துள்ளன. எஞ்சியவை தாமே கூடு கட்டித் தம் குஞ்சுகளைத் தாமே பேணுகின்றன. செம்போத்து அவ்வகையைச் சார்ந்தது.

கூடு கட்டுவதில் செம்போத்தின் ஆணுக்கே பெரும்பங்கு உண்டு. அடர்ந்த கொடிப்பின்னல், மூங்கிற்புதர், தாழையின் உச்சி போன்ற மறைவிடங்களை அது தேர்ந்தெடுக்கும். இலைகளையும் சுள்ளிகளையும் கொண்டு, மேலே கூரை வேய்ந்தாற்போன்ற ஆழமான கூட்டை மூன்று முதல் எட்டு நாள்களில் கட்டி முடிக்கும். பெண்பறவை மூன்று முதல் ஐந்து முட்டைகள் இடும். சுண்ணாம்பு வெண்மையுடைய அம்முட்டைகளின்மீது தொடக்கத்தில் மஞ்சள் நிற மெருகு காணப்படும். நாளடைவில் அது தேய்ந்துவிடும். ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாக்க, 15 அல்லது 16 நாள்களில் குஞ்சுகள் வெளிவரும். கருந்தோலின்மீது வெண்மயிர் போன்ற முளைகள் பரவிய அக்குஞ்சுகள், 18 முதல் 22 நாள்களில் கூட்டைவிட்டு வெளியேறும்.

தென்னிந்தியாவில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வொன்றில், இடப்பட்ட முட்டைகளுள் 77 விழுக்காடு பொரிந்தன என்பது தெரியவந்தது. கூட்டைத் தேடி வரும் பகைகளுள் அண்டங்காக்கை குறிப்பிடத்தக்கது. அதன் பார்வையிலிருந்து முட்டையையும் குஞ்சையும் காப்பது புதரின் அடர்த்தியே. கூரையிட்ட கூடாயினும், அது புதருக்குள் மறைந்திருந்தால்தான் காப்பாகும். செம்போத்திற்குப் புதர் இரை தேடும் இடமாகவும் குஞ்சு வளர்க்கும் இல்லமாகவும் விளங்குகிறது.

நடையும் இரையும்

செம்போத்து நெடுந்தொலைவு பறக்க இயலாத பறவை. ஒரு தூற்றிலிருந்து மற்றொரு தூற்றுக்குத் தாழ்வாகப் பறந்து, சிறகை விரித்து மிதந்து இறங்கும். பெரும்பாலான நேரம் நிலத்தில் நடந்தே இரை தேடும். மழைக்குப் பிந்தைய காலைப்பொழுதில், நனைந்த சிறகுகளை விரித்துப் புதரின்மேல் அமர்ந்து வெயில் காய்வதைக் காணலாம். உடல் உலர்ந்தபின் மீண்டும் மண்ணில் இறங்கி, சருகுகளுக்கிடையே அடிமேல் அடிவைத்து நடக்கத் தொடங்கும்.

கம்பளிப்புழு, வெட்டுக்கிளி, வண்டு, நத்தை, பல்லி, ஓணான், சிற்றெலி ஆகியன அதன் இரைகள். பிற பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் உண்பதும் உண்டு. நஞ்சுடைய சுருட்டை விரியன் பாம்பைக்கூட அது உண்டதாகப் பறவை ஆய்வுக் குறிப்புகள் தெரிவிக்கின்றன. பழங்களும் விதைகளும் அதன் உணவில் இடம்பெறும். தமிழகத்தில் அதன் உணவில் நத்தைக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர்.

இவ்விரைகள் பலவும் ஓரிடத்தில் ஒருங்கே வாழ்பவை. நத்தைக்கு ஈரமான சருகு வேண்டும். கம்பளிப்புழுவிற்குச் செடியின் தழை வேண்டும். ஓணானுக்கு முட்செடியின் மறைவு வேண்டும். சருகு, செடி, கொடி, முள் ஆகிய நான்கும் கலந்து தரையை மூடியிருக்கும் இடமே புதர். அதனை அகற்றிவிட்டு மரத்தை மட்டும் நிறுத்தினால், காகமும் மைனாவும் தங்கும், செம்போத்து தங்காது.

தமிழகத்தின் வறண்ட புதர்க்காடுகளில் அதன் உறவுப்பறவை ஒன்றும் வாழ்கிறது. மணல்நிற உடலும், மஞ்சள் நுனியுடைய சிவந்த அலகும் கொண்ட அப்பறவையைச் ‘சிர்க்கீர் மல்கோகா’ என்று பறவையியலார் குறிப்பிடுவர். தலையைத் தாழ்த்திப் புதருக்குள் ஓடும்போது கீரியோ என ஐயுறத் தோன்றும். அதன் அறிவியற் பெயர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுச்சேரியில் பணியாற்றிய லெசனோல் என்னும் பிரெஞ்சுத் தாவரவியலாளரின் நினைவாக இடப்பட்டது.

தெரியுமா?

குயில் குடும்பத்துள் ஓட்டத்திற்குப் புகழ்பெற்றது, வட அமெரிக்கப் பாலைநிலங்களில் வாழும் ‘ரோட்ரன்னர்’ என்னும் பறவை. மணிக்கு ஏறத்தாழ 30 கி.மீ. வேகத்தில் ஓடவல்லது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தின் மாநிலப் பறவையும் அதுவே.

மழைக்காட்டு உறவினர்

செம்போத்து வறண்ட நிலத்திலும் வயலோரத்திலும் வாழப் பழகியது. ஆனால், நிலத்தில் வாழும் குயில்களுள் பல, வெப்பமண்டலத்தின் ஈரம் மிகுந்த காடுகளை விட்டு வெளியேறாதவை. நடு அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உள்ள மழைக்காடுகளில் வாழும் தரைக்குயில்கள், படையெறும்புகளின் அணிவகுப்பைப் பின்தொடர்கின்றன. எறும்புகளுக்கு அஞ்சிச் சருகிலிருந்து வெளிப்படும் பூச்சிகளை அவை கவர்ந்துகொள்ளும். அக்காடுகளின் பன்றிபோன்ற விலங்குகளின் கூட்டத்தைத் தொடர்ந்து செல்வதும் உண்டு. போர்னியோத் தீவின் தரைக்குயிலும் காட்டுப்பன்றி கிளறிய மண்ணில் இரை தேடுகிறது.

காட்டின் நிழலும் ஈரமும் குறையுமாயின் அவற்றால் இடம்பெயர இயலாது. சுமத்திராத் தீவின் தரைக்குயில் இதற்கு எடுத்துக்காட்டு. 1916ஆம் ஆண்டிற்குப் பின் அது காணப்படவில்லை; அழிந்துவிட்டதோ என்னும் ஐயம் நெடுங்காலம் நிலவியது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழிந்து, 1997இல் அத்தீவின் மலைக்காட்டில் அப்பறவை மீண்டும் கண்டறியப்பட்டது. இன்றும் அது அழிவின் விளிம்பிலுள்ள பறவையாகவே கருதப்படுகிறது.

மடகாசுகரை அடுத்த சிறுதீவில் வாழ்ந்த தரைக்குயில் ஒன்றிற்கு அத்தகைய மறுவாழ்வு வாய்க்கவில்லை. மழைக்காட்டின் தரையில் நத்தைகளைத் தேடி உண்டு வாழ்ந்த அப்பறவை, 1834ஆம் ஆண்டோடு பதிவுகளிலிருந்து மறைந்தது. காடழிப்பும் வேட்டையும் அதன் அழிவுக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. இன்று அருங்காட்சியகங்களில் பாடம் செய்து வைக்கப்பட்ட உடல்களே எஞ்சியுள்ளன.

தமிழகத்திற்கு அண்மையிலும் ஈரக்காட்டை நம்பி வாழும் செம்போத்து ஒன்றுண்டு. இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்திற்கே உரிய பச்சைச் சொண்டுச் செண்பகம் அது. 1988இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட சிங்கராஜக் காடு அதன் முதன்மையான வாழிடங்களுள் ஒன்று. மூங்கிலும் தூறும் அடர்ந்த காட்டுத்தரையில் அது வாழ்கிறது. ஈரவலயக் காடுகள் சுருங்கியமையால் அதன் எண்ணிக்கையும் குறைந்து, அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. அதே தீவில் வீட்டுத் தோட்டத்திலும் வாழும் பொதுச் செண்பகமோ பரவலாகக் காணப்படுகிறது.

செம்போத்து உலக அளவில் அழிவை எதிர்நோக்கும் பறவையன்று. அதனாலேயே அதன் வாழிடம் குறித்த கவனம் எழுவதில்லை. பரவலாக வாழும் பறவையும் ஓர் ஊரிலிருந்து மறையக்கூடும். அம்மறைவு எந்தப் பட்டியலிலும் பதிவாவதில்லை. விடியற்காலையில் ஒரு குரல் குறைவது மட்டுமே அதன் அடையாளமாகும்.

புறம்போக்கு என்னும் சொல்

செங்கல்பட்டு வட்டாரம் ஏரிகள் நிறைந்தது. மறைமலை நகரை ஒட்டிய காட்டாங்குளத்தூர் என்னும் ஊர்ப்பெயரில் காடும் குளமும் ஒருங்கே அமைந்துள்ளன. ஏரிக்கரையில் பனையும் ஈச்சையும், கரையின் சரிவில் நொச்சியும் ஆவாரையும், மேட்டுநிலத்தில் காரையும் சூரையும் களாவும் வளர்வது இம்மண்ணின் இயல்பு. ஆடு மேய்ப்போர் களாப்பழமும் சூரைப்பழமும் பறித்தனர். மருத்துவர் நொச்சியும் பிரண்டையும் கொய்தனர். அதே புதர்களில் செம்போத்து கூடு கட்டியது.

அந்நிலங்களுள் பல, அரசின் பதிவேடுகளில் ‘புறம்போக்கு’ என்று குறிக்கப்பட்டன. வரிவிதிப்புக்குப் புறம்பாக நிறுத்தப்பட்ட பொதுநிலம் என்பதே அதன் பொருள். ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு என்றெல்லாம் வகைப்படுத்தப்பட்ட அந்நிலங்கள் ஊர் முழுமைக்கும் பயன்பட்டன. காலப்போக்கில் அச்சொல்லின் பொருள் இழிந்தது. பயனற்றது, உரிமையாளர் அற்றது என்னும் பொருளேறி, ஒருவரைப் பழிக்கும் சொல்லாகவும் அது மாறிற்று. சொல் இழிந்தபோது நிலத்தின் மதிப்பும் இழிந்தது. நிலம் தேவைப்படும்போதெல்லாம் முதலில் அகற்றப்படுவது புதராயிற்று. மரத்தை வெட்டினால் கேள்வி எழுப்புவோர் உண்டு, புதரை வெட்டினால் ‘துப்புரவு’ என்று பாராட்டுவோரே மிகுதி.

வேலியின் வரலாறும் இத்தகையதே. கள்ளி, கிளுவை, நொச்சி, கொடுக்காப்புளி ஆகியவற்றை வரிசையாக நட்டு வளர்த்த உயிர்வேலி, தோட்டத்தைக் காத்ததோடு பறவைக்கும் ஓணானுக்கும் நெடிய வழியாகவும் அமைந்தது. ஒரு புதரிலிருந்து அடுத்த புதருக்கு மறைவாகச் செல்ல அது உதவியது. அவ்விடத்தில் இன்று சுற்றுச்சுவரும் முள்கம்பியும் நிற்கின்றன. உயரப் பறக்கவியலாத பறவை திறந்த வெளியையும் விரைவுச் சாலையையும் தாழ்வாகப் பறந்து கடக்கவேண்டிய நிலை ஏற்பட்டுள்ளது.

புதர் அழிப்போடு வேட்டையும் அப்பறவைக்குத் துன்பமாய் அமைந்தது. செம்போத்தின் இறைச்சி இளைப்பு, காசநோய் முதலியவற்றைத் தீர்க்கும் என்னும் நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. அதற்கு அறிவியற் சான்று இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதனை வேட்டையாடுவது தண்டனைக்குரிய குற்றமாகும். ஆயினும், பறவையைக் கொல்வதைத் தடுக்கும் சட்டம், அதன் இல்லமாகிய புதரை எல்லா இடங்களிலும் காத்து நிற்பதில்லை.

ஓர் இணைக்கு எவ்வளவு நிலம்?

தென்னிந்தியாவில் கூடுகட்டும் செம்போத்து இணை ஒன்றிற்குரிய எல்லைப்பரப்பு 0.9 எக்டேர் முதல் 7.2 எக்டேர் வரை வேறுபடுவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. சராசரிப் பரப்பு 3.8 எக்டேர், அதாவது ஏறத்தாழ ஒன்பதரை ஏக்கர். பெருந்தொழிற்சாலை ஒன்றின் வளாகம் இதனினும் பன்மடங்கு பெரியது. எனவே, தொழிற்சாலை இருக்குமிடத்தில் செம்போத்து வாழ இயலாது என்னும் முடிவுக்கு வரவேண்டியதில்லை. அவ்வளாகத்தின் பசுமை எத்தகையது என்பதே எண்ணிப் பார்க்கத்தக்கது.

பெருந்தொழிற்சாலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கும்போது, வளாகப் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் பசுமைப்பட்டையாக வளர்க்கவேண்டும் என்னும் நிபந்தனை பொதுவாக விதிக்கப்படுகிறது. அப்பரப்பில் கத்தரித்த புல்தரையும், இடைவெளிவிட்டு நட்ட மரவரிசையும் அமைவதே வழக்கம். மரத்தடிச் சருகு நாள்தோறும் கூட்டப்படும். முளைக்கும் செடிகள் களையாகக் கருதப்பட்டு நீக்கப்படும். மேலே நிழல் இருக்கும்; தரையில் மறைவு இராது. மேலிருந்து நோக்குவோர்க்கு அது பசுமை. தரையில் நடக்கும் பறவைக்கோ அது வெறுவெளி.

இதற்கு மாற்று எளியது. பசுமைப்பட்டையின் ஒரு பகுதியில் சருகைக் கூட்டாது விடலாம். சுற்றுச்சுவரின் உட்புறத்தில் நொச்சி, காரை, களா போன்ற நாட்டுப் புதர்ச்செடிகளைத் தொடர்ச்சியாக நட்டு, அவ்வரிசை அருகிலுள்ள ஏரிக்கரையோடு இணையுமாறு செய்யலாம். குஞ்சு பொரிக்கும் காலத்தில் புதர் வெட்டுவதைத் தவிர்க்கலாம். பூச்சிக்கொல்லியையும் எலிமருந்தையும் அப்பகுதியில் பயன்படுத்தாதிருக்கலாம். நஞ்சுண்ட எலியை உண்ணும் பறவையையும் அந்நஞ்சு தாக்கக்கூடும்.

சீமைக்கருவேலத்தை அகற்றும் பணியிலும் இக்கவனம் தேவை. செங்கல்பட்டுப் பகுதியில் வேலிகாத்தான் எனப்படும் அம்மரம் அயல்நிலத்திலிருந்து வந்தது. நாட்டுச் செடிகளின் இடத்தைக் கவர்ந்துகொண்டது. அதனை அகற்றுவது தக்கதே. எனினும், நாட்டுப்புதர் அழிந்த இடத்தில் அதன் முட்செறிவே இன்று பறவைகளுக்கு எஞ்சிய மறைவிடமாக உள்ளது. ஒரே நாளில் பொறிகொண்டு முழுவதையும் அகற்றிவிட்டு நிலத்தை வெறுமையாக விடுவதைவிட, பகுதி பகுதியாக அகற்றி, அவ்வப்பகுதியில் நாட்டுச்செடிகளை வளர்த்தபின் அடுத்த பகுதிக்குச் செல்வதே ஏற்ற முறையாகும்.

தெரிந்து தெளிவோம்

மா. கிருஷ்ணன் (1912–1996), இயற்கை குறித்துத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர், ஒளிப்படக் கலைஞர். புதின ஆசிரியர் அ. மாதவையாவின் மகன். பத்மஸ்ரீ விருது பெற்றார். இயற்கை குறித்த அவருடைய தமிழ்க் கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் தலைப்பில் சு. தியடோர் பாஸ்கரனால் தொகுக்கப்பட்டுள்ளன.

குரல் நிலைக்கும் வழி

மறைமலை நகர் வட்டாரத்தின் தொழிற்சாலைகள் பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வளிக்கின்றன. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் அங்கே வந்து உழைக்கின்றனர். அவர்களுக்குப் பணியிடம் வேண்டும், குடியிருப்பு வேண்டும், சாலை வேண்டும். இவற்றை மறுத்துப் பறவையை மட்டும் காப்பது நடைமுறையாகாது. ஆனால், இவற்றுக்காக நிலம் முழுவதையும் மழித்துவிடவேண்டும் என்பதும் கட்டாயமன்று. ஏரிக்கரையின் சரிவு, வாய்க்காலின் ஓரம், பள்ளி வளாகத்தின் ஒரு மூலை, தொழிற்சாலைச் சுவரின் உட்புறம் ஆகியன எவருடைய பணிக்கும் இடையூறின்றிப் புதரை வளர்க்கத்தக்க இடங்கள்.

அத்தகைய இடங்கள் தொடர்ச்சியாக அமையுமாயின் செம்போத்தோடு தவிட்டுக்குருவியும் கீரியும் ஓணானும் வண்ணத்துப்பூச்சியும் வாழும். ஏரிக்கரை மண் அரிக்கப்படாமல் நிற்கும்; மழைநீர் விரைந்தோடாமல் நிலத்தில் இறங்கும். புதர் தரும் இப்பயன்கள் மனிதர்க்கும் உரியவை. சுமத்திராவிலும் மடகாசுகரிலும் நேர்ந்தவற்றை அறிந்தோர், தம் ஊரின் புதரை வெற்றிடமாகக் கருதுவதில்லை.

இரவுப்பணி முடிந்து திரும்பும் தொழிலாளி ஒருவர் பேருந்து நிறுத்தத்தில் இறங்கும் நேரமும், செம்போத்து குரலெழுப்பும் நேரமும் ஒன்றே. ஏரிக்கரையில் தூறுகள் நிற்கும்வரை அக்குரல் அவரை எதிர்கொள்ளும்.

சொல்லும் பொருளும்

தூறு – புதர். எழால் – வேட்டைப் பறவை வகை. உயிர்வேலி – செடிகளை நட்டு வளர்க்கும் வேலி. சொண்டு – அலகு. மேய்க்கால் – கால்நடை மேயும் பொதுநிலம். ஈரவலயம் – மழைவளம் மிகுந்த நிலப்பகுதி.

இலக்கணக் குறிப்பு

செம்போத்து – பண்புத்தொகை
மாறிமாறி – அடுக்குத்தொடர்
அறிந்தோர் – வினையாலணையும் பெயர்
காணப்படாத – எதிர்மறைப் பெயரெச்சம்

புணர்ச்சி விதி

செம்போத்து = செம்மை + போத்து
‘ஈறுபோதல்’ என்னும் விதிப்படி செம் + போத்து = செம்போத்து

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரில் செம்போத்திற்கு வழங்கும் பெயரையும், அது குறித்து நிலவும் நம்பிக்கைகளையும் முதியோரிடம் கேட்டுத் தொகுத்து, அந்நம்பிக்கைகள் குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.
2. பள்ளி வளாகத்திலோ அருகிலோ உள்ள புதர் ஒன்றை ஒரு வாரம் தொலைவிலிருந்து உற்றுநோக்கி, அங்கு வந்துசெல்லும் உயிரினங்களைப் பட்டியலிடுக. கூடு இருப்பின் அதனை நெருங்காதீர்கள்.
3. ‘புறம்போக்கு’ என்பதுபோல் காலப்போக்கில் பொருள் இழிந்த சொற்கள் ஐந்தைத் திரட்டி, அவற்றின் பழைய பொருளையும் இன்றைய பொருளையும் எழுதுக.

குறுவினா

1. செம்போத்து என்னும் பெயரின் சொற்பொருளை விளக்குக.
2. செம்போத்தின் இரைகளுள் எவையேனும் நான்கினைக் குறிப்பிடுக.

சிறுவினா

1. குயில் குடும்பத்துப் பறவைகள் குஞ்சு வளர்ப்பில் மேற்கொள்ளும் இரு வழிகளை எடுத்துக்காட்டுடன் எழுதுக.
2. ‘மேலிருந்து நோக்குவோர்க்கு அது பசுமை, தரையில் நடக்கும் பறவைக்கோ அது வெறுவெளி’ – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.

நெடுவினா

1. தொழில்வளர்ச்சியும் புதர்நிலப் பாதுகாப்பும் ஒருங்கே இயலும் என்பதை மறைமலை நகர் வட்டாரத்தைச் சான்றாகக் கொண்டு நிறுவுக.